பனிக்காலத் தனிநடை

ஈழநாட்டிலே குளிர்காலம் என்று தனியே ஒரு பருவம் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் மாரி உண்டு. மார்கழி விடியலிலே புல் நுனிதோறும் பனித்துளி தங்குவதுண்டு. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவின் புற்றரைகளிலே சில நாள்களில் உறைபனி வெண்ணிறமாகப் படர்வதும் உண்டு. ஆனால், ஞாயிறு எழுந்து சிறிது நேரம் செல்வதற்குள் அது மறைந்துவிடும். மரங்கள் இலையின்றி நிற்க, ஏரி நீர் கல்லாய் இறுகிப்போக, மாதக்கணக்காக நிலம் வெண்பனியின் கீழ் மறைந்து கிடக்கும் காலத்தை இந்நாட்டு மக்கள் நூல்களிலும் படங்களிலுமே காண்கின்றனர். அத்தகைய காலத்தை நினைத்த மாத்திரத்தே அவர்கள் உள்ளத்தில் எழுவது நடுக்கமே. கதவை அடைத்து, அடுப்பை மூட்டி, கம்பளியைப் போர்த்துக்கொண்டு வசந்தம் வரும்வரை காத்திருப்பதைத் தவிர அக்காலத்திலே மனிதர் செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்கவுங் கூடும்.

அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக விட்டுச் சென்றவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், கொன்கோட் என்னுஞ் சிற்றூரில் 1817ஆம் ஆண்டு யூலை 12ஆந் திகதி அவர் பிறந்தார். அநீதியான அரசாணைக்கு மனச்சான்றுள்ள குடிமகன் பணியலாகாது என வற்புறுத்தி 1849ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை காந்தியடிகளின் உள்ளத்தைத் தொட்டது. அதனால் கீழைநாட்டார் பலர் தோரோவை அரசியற் சிந்தனையாளராகவே அறிவர். உறைந்த ஏரிமீதும் பனி மூடிய காட்டினூடும் தன்னந்தனியே நடந்து திரிந்த தோரோவை அறிந்தவர் சிலரே. அந்தத் தோரோவே இப்பேச்சின் பொருள்.

தோரோவின் தந்தையார் பென்சில் செய்யுந் தொழில் நடத்தியவர். மகன் ஹாவட் கல்லூரியிலே கற்று 1837இல் பட்டம் பெற்று, தம் ஊர்ப் பாடசாலையிலே ஆசிரியராக அமர்ந்தார். பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க வேண்டும் என்று மேலிடத்தார் வற்புறுத்தியபோது, இரண்டு கிழமை அளவிலே அப்பதவியை உதறிவிட்டார். பின்னர் தமையனார் யோனுடன் சேர்ந்து தனியார் பள்ளியொன்றை நடத்தினார். அப்பள்ளியிலே பிரம்பு இல்லை. ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் மாணவரை அழைத்துச் சென்று, கண்டதைக் கொண்டு கற்பிக்கும் வழக்கம் அங்கு இருந்தது. யோனின் உடல்நலம் குன்றவே 1841இல் பள்ளி மூடப்பட்டது. 1842ஆம் ஆண்டின் முதல் நாளிலே சவரக் கத்தி பட்டு யோனின் விரலில் ஒரு சிறு காயம் உண்டாயிற்று. அது ஏற்புவலியாக மாறிற்று. யனவரி 11ஆந் திகதி தம்பியின் கைகளிலேயே தமையனின் உயிர் பிரிந்தது. பனிக்காலத்தின் நடுவிலே நேர்ந்த அவ்விழப்பைத் தோரோ தம் வாழ்நாளில் மறக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1845ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, ஊருக்கு ஒன்றரை மைல் தொலைவிலே வோல்டன் என்னும் சிற்றேரியின் கரையில் அவர் குடியேறினார். நிலம் அவர் நண்பர் எமேர்சனுடையது. குடிலோ தம் கையாலே கட்டியது. அதன் நீளம் பதினைந்து அடி, அகலம் பத்து அடி. அதற்கு ஆன செலவு இருபத்தெட்டு டொலரும் பன்னிரண்டரைச் சதமும் என்று சல்லிக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார். அங்கே இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் தங்கினார். உலகைத் துறந்த முனிவர் என அவரைக் கருதுவது பிழை. ஓரிரு நாளைக்கு ஒருமுறை ஊருக்குப் போவார், தாயாரைக் காண்பார், நண்பரை வரவேற்பார். யோனுடன் 1839இல் செய்த படகுப் பயணத்தைப் பற்றிய நூலை எழுதி முடிக்கவும் அக்குடிலின் அமைதி அவருக்கு வேண்டியிருந்தது. இறந்த தமையனுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அந்நூல் எனலாம்.

முதலாவது இலையுதிர்காலம் முடியுமுன் புகைபோக்கியைக் கட்டி, சுவருக்குச் சாந்து பூசி, விறகு சேர்த்துக்கொண்டார். டிசெம்பர் 22ஆந் திகதி இரவு ஏரி முழுவதும் உறைந்தது. ஓர் அங்குலத் தடிப்பே உள்ள புதிய பனிக்கட்டி மனிதன் ஒருவனைத் தாங்கும். அதன்மேல் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்து, கண்ணாடிப் பேழையினூடே பார்ப்பதுபோல அவர் ஏரியின் அடித்தளத்தைப் பார்த்தார். பனிக்கட்டிக்குள்ளே சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளைக் கண்டு, அவை எந்த ஆழத்தில் எந்த வடிவில் உள்ளன எனக் குறித்துக்கொண்டார். ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புரட்டிப் பார்த்து, அக்குமிழிகள் தமக்குக் கீழே உள்ள பனிக்கட்டியை எவ்வாறு உருக்குகின்றன என ஆராய்ந்தார்.

ஏரி மேலிருந்து உறைவதே ஒரு புதுமை. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனக்கும். நீரோ நாலு பாகை செந்திகிறேட்டு வரையும் அவ்வாறு கனத்து, அதற்கு மேலுங் குளிர்ந்தால் விரியத் தொடங்கும். ஆகவே மிகக் குளிர்ந்த நீர் மேலே தங்கி உறைகிறது. உறைந்த கட்டி மிதக்கிறது. அது கூரையாகி, கீழுள்ள நீரைக் காக்கிறது. அந்தக் கூரையின் கீழே மீன்கள் பனிக்காலம் முழுவதும் உயிர் வாழ்கின்றன. குடிநீருக்காக நாடோறும் காலையிலே கோடரியால் பனிக்கட்டியைத் துளைத்த தோரோ, அத்துளை வழியே மீன்கள் உலாவும் அமைதியான மாளிகையைக் கண்டு மகிழ்ந்தார்.

வோல்டன் ஏரிக்கு அடியே இல்லை என்பது ஊராரின் நெடுநாளைய நம்பிக்கை. உலகின் மறுபுறம்வரை அது செல்கிறது என்று கூறியவர்களும் இருந்தனர். நூலை விட்டு அடியைக் கண்டறிந்தவர் இல்லை. 1846ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பனிக்கட்டி உருகுமுன்னே, தோரோ திசையறி கருவியும் அளவுச் சங்கிலியும் மீன்பிடி கயிறும் எடுத்துக்கொண்டு தனியே ஏரிமீது இறங்கினார். கயிற்றின் நுனியிலே ஒன்றரை இறாத்தல் எடையுள்ள ஒரு கல் கட்டப்பட்டிருந்தது. கல் அடியிலே கிடக்கும்போது இழுத்தால் கனக்கும். சற்று உயர்ந்ததும் கீழே நீர் புகுந்து தாங்குவதால் இலேசாகும். அந்த வேறுபாட்டைக் கை உணர்ந்ததும் ஆழம் தெரிந்துவிடும். நூற்றுக்கு மேற்பட்ட இடங்களிலே இவ்வாறு அளந்தார். மிக ஆழமான இடம் நூற்றிரண்டு அடி. அந்த இடம், ஏரியின் மிகப் பெரிய நீளமும் மிகப் பெரிய அகலமும் ஒன்றையொன்று வெட்டுகின்ற புள்ளியிலே அமைந்திருப்பதையும் வரைபடத்திற் கண்டு வியந்தார். இருபதாம் நூற்றாண்டில் அறிவியலாளர் செய்த அளவை அவர் கண்ட ஆழத்தையே உறுதிப்படுத்திற்று. ஓர் ஊரின் கட்டுக்கதையை ஒரு கல்லும் ஒரு கயிறும் முடித்துவைத்தன. ஏரியோ அதனால் அழகு குன்றவில்லை. கோடையிலே இத்தனை இடங்களில் அளக்கப் படகு வேண்டும், படகோ ஓரிடத்தில் நில்லாது. பனிக்காலம் அளப்பவனுக்குத் தளம் அமைத்துக் கொடுத்தது.

இனி, அவருடைய அயலவரைப் பார்க்கலாம். குடிலின் மரத்தளத்திற்குக் கீழே ஒரு முயல் குடியிருந்தது. காலையிலே அவர் எழுந்து அசைந்ததும் அது வெருண்டு ஓட, அதன் தலை தளத்து மரங்களிலே மோதும் ஓசை கேட்கும். முற்றாத சோளக் கதிர்களை அவர் வாசலருகே பனியின்மேல் எறிந்து வைப்பார். விடியலிலே செந்நிற அணில்கள் வரும். ஒருமுறை இப்பக்கம் ஓடி, மறுமுறை அப்பக்கம் ஓடி, காண்போர் கண்ணெல்லாம் தம்மீதே என்று எண்ணிய கூத்தாடிகளைப்போல் ஆயிரம் வளைவு வளைந்து கதிரை எடுக்கும். பின்னர் காக்கையினத்து நீலநிறப் பறவைகள் மரத்துக்கு மரம் தாவி, ஐயத்தோடு நெருங்கும். இரவிலே நரிகள் உறைந்த நிலத்தின்மேல் ஊளையிடும். ஒரு பிற்பகலில், பைன் மரத்தின் தாழ்ந்த கிளையொன்றில் பட்டப்பகலிலே அமர்ந்திருந்த ஓர் ஆந்தையை அவர் கண்டார். அவர் காலடியிலே பனி நொறுங்கும் ஓசை கேட்கும்போது அது கழுத்தை நீட்டிக் கண்ணை அகல விழிக்கும். ஓசை நின்றதும் இமைகள் மெல்லச் சரியும். அரை மணிநேரம் அதைப் பார்த்துநின்ற தோரோவுக்கும் உறக்கம் வந்துவிட்டதாம்.

இவ்வின்பங்களுக்குத் தனிமை ஏன் வேண்டும்? இருவர் சேர்ந்து நடந்தால் பேச்சு எழும். பேச்சு எழுந்தால் ஆந்தை பறந்துவிடும். பறவாது இருந்தாலும் பேசுவோர் அதனைக் காணமாட்டார். தனித்து நடப்பவனுக்கோ செவியே துணை. பனி விழுந்த காடு ஓசையை உள்வாங்கும் தன்மையது. அந்த அமைதியிலே ஒரு கொப்பு முறிவதும், உறைந்த ஏரி வெப்பநிலை மாற்றத்தால் பிளந்து முழங்குவதும் தெளிவாகக் கேட்கும். வெண்பனி ஓர் ஏடு. இரவிலே எலி எங்கே ஓடிற்று, நரி எங்கே நின்று திரும்பிற்று என்பதெல்லாம் அவ்வேட்டிலே அடிச்சுவடாக எழுதப்பட்டிருக்கும். கோடையிலே இலை மறைத்த கூடுகளைப் பனிக்காலத்து வெறுங்கிளைகள் காட்டிக்கொடுக்கும். ஆழ்ந்த பனியினூடே எட்டு, பத்து மைல் நடந்து, ஒரு பீச்சு மரத்தையோ ஒரு பேர்ச்சு மரத்தையோ பழைய நண்பரைப் பார்ப்பதுபோலப் பார்த்துத் திரும்புவது தோரோவின் வழக்கம். 1856ஆம் ஆண்டு யனவரி மாதத்திலே தம் மேலங்கியின்மீது விழுந்த பனித்துகள்களைக் கூர்ந்து நோக்கி, அவை ஆறு ஆரமுள்ள சிறு சக்கரங்களைப்போல் இருப்பதை நாட்குறிப்பிலே விரிவாக எழுதினார். நீரின் அணுத்திரள்கள் உறையும்போது அறுகோணமாக அடுக்கப்படுவதே அவ்வடிவுக்குக் காரணம் என்பதை இன்றைய மாணவர் கற்கின்றனர். தோரோவுக்கு அக்காரணம் தெரியாது. ஆயினும் வடிவைக் கண்டார், எண்ணினார், வியந்தார்.

வோல்டனின் பனிக்காலத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பும் உண்டு. 1846, 1847ஆம் ஆண்டுப் பனிக்காலத்திலே நூறு அயர்லாந்துத் தொழிலாளர் ஏரிக்கு வந்து, பனிக்கட்டியைக் கல் வெட்டுவதுபோல வெட்டி அடுக்கினர். அடுக்கு முப்பத்தைந்து அடி உயரம் எழுந்தது. அந்நாளிலே பொஸ்ரன் நகரத்து வணிகராகிய பிரெடெரிக் ரியூடர், நியூ இங்கிலாந்து ஏரிகளின் பனிக்கட்டியை மரத்தூளிலே பொதிந்து கப்பலேற்றி வெப்பநாடுகளுக்கு விற்றுவந்தார். 1833இல் அவருடைய கப்பல் கல்கத்தாவை அடைந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையிலே பனிக்கட்டியைச் சேமிக்க ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. ‘ஐஸ் ஹவுஸ்’ என்று சென்னை மக்கள் அழைத்த அக்கட்டடமே, 1897இல் விவேகானந்த அடிகள் தங்கிய பெருமையினால் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. குடிலிலே பகவத்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்த தோரோ, தம் ஏரி நீர் சென்னை, பம்பாய், கல்கத்தா நகர மக்களின் தாகம் தீர்க்கப் போவதை எண்ணி மகிழ்ந்தார். அறிவு கிழக்கிலிருந்து வந்தது, குளிர்ச்சி மேற்கிலிருந்து போயிற்று. ஆயினும், அந்த ஆண்டு வோல்டனில் அடுக்கிய கட்டியிற் பெரும்பகுதி விற்பனைக்குச் செல்லாது அங்கேயே கிடந்து, 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் அளவில் முற்றாக உருகி ஏரியையே சேர்ந்தது.

ஊரார் இவற்றையெல்லாம் எவ்வாறு மதித்தனர்? கல்லூரியிலே கற்றவர், நில அளவைத் தொழில் தெரிந்தவர், பென்சில் செய்வதிலே திறமை உடையவர், காட்டிலே அலைந்து காலத்தை வீணாக்குகிறாரே என்று பலர் பேசினர். தமையனின் நினைவாக எழுதிய முதல் நூல் 1849இல் வெளிவந்தது. ஆயிரம் படிகள் அச்சாயின. 1853இல், விற்பனையாகாத எழுநூற்றாறு படிகளைப் பதிப்பாளர் அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். அவற்றைத் தாமே சுமந்துகொண்டுபோய் மேல்மாடியில் அடுக்கினார். அடுத்த ஆண்டு ‘வோல்டன்’ வெளிவந்தது. அதுவும் அவர் வாழ்நாளிலே பெரும்புகழைத் தரவில்லை. உலகம் வெற்றி என்று கருதுவது எதுவும் அவரிடம் இல்லை. எனினும் பனிக்காலந்தோறும் நடை நிற்கவில்லை, நாட்குறிப்பும் நிற்கவில்லை. 1837ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய அக்குறிப்பு, முடியும்போது ஏறக்குறைய இருபது இலட்சம் சொற்களாகப் பெருகியிருந்தது.

அந்தப் பனிக்காலமே அவரது முடிவுக்கும் வழி வகுத்தது. ஒரு காடு அழிந்தபின் அந்த இடத்தில் எவ்வாறு வேறொரு காடு எழுகிறது என்பதை அவர் ஆராய்ந்துவந்தார். 1860ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆந் திகதி, கடுங்குளிரிலே, வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளில் உள்ள ஆண்டு வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அன்று பிடித்த தடிமன் மார்புச்சளியாக மாறிற்று. குடும்பத்திலே முன்னரே புகுந்திருந்த சயரோகம் அவரையும் பற்றிக்கொண்டது. 1861ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி அவர் எழுதிய இறுதிக் குறிப்பு, இருப்புப்பாதையோரச் சரளைமீது மழை பதித்த சுவடுகளைப் பற்றியது. 1862ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி, நாற்பத்துநாலு வயதிலே, அவர் காலமானார். நோயைப் பற்றிய முறைப்பாடு அந்த இறுதிக் குறிப்பில் இல்லை. மழைத்துளி எத்திசையிலிருந்து வந்தது என்பதைச் சரளையைப் பார்த்தே சொல்லலாம் என்ற மகிழ்ச்சியே அதில் உண்டு.

வீண்பொழுது போக்கினார் என்று ஊரார் கூறியது மெய்யா? வோல்டன் ஏரியிலே பனிக்கட்டி முற்றாக நீங்கிய நாள்களை அவர் குறித்து வைத்திருக்கிறார். 1845இல் ஏப்பிரில் 1, 1846இல் மார்ச்சு 25, 1847இல் ஏப்பிரில் 8, 1851இல் மார்ச்சு 28, 1852இல் ஏப்பிரில் 18, 1853இல் மார்ச்சு 23, 1854இல் ஏறக்குறைய ஏப்பிரில் 7. எவரும் கேளாமலே எழுதிய இத்திகதிகளையும், பூக்கள் மலர்ந்த நாள்களைப் பற்றிய அவர் அட்டவணைகளையும், இருபத்தோராம் நூற்றாண்டிலே பொஸ்ரன் பல்கலைக்கழகத்து உயிரியலாளர் றிச்சட் பிறிமக் என்பவரும் அவரோடு பணி செய்தோரும் எடுத்து ஒப்பிட்டனர். இக்காலத்திலே ஏரியின் பனிக்கட்டி சராசரியாக ஏறக்குறைய இரண்டு கிழமை முந்தியே நீங்குகிறது. பூக்கள் பலவும் முந்தி மலர்கின்றன. தோரோ அறிந்த செடிகளிற் சில இன்று கொன்கோட்டிலே காணப்படவே இல்லை. உலகம் வெம்மையாகி வருகிறது என்பதற்கு ஒரு சிற்றூரிலிருந்து கிடைத்த நம்பத்தகுந்த சாட்சியங்களுள் ஒன்று, வேலையற்றவர் என்று இகழப்பட்ட அந்தத் தனி மனிதரின் குறிப்பேடாகும். தமது இன்பத்திற்காக நடந்தவர் பிறர் பயனுக்காகவும் நடந்திருக்கிறார். அதை அவர் அறியார்.

ஈழத்து நேயர்க்கு உறைந்த ஏரி வாய்க்கப்போவதில்லை. ஆனால், அந்த வடபுலக் குளிரிலிருந்து தப்பி வரும் விருந்தாளிகள் ஆண்டுதோறும் இங்கே வந்து சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகையிலே மன்னார் வங்காலைக் கரையிலும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் ஆழமற்ற பரப்புகளிலும் ஊசிவால் வாத்துகளும், சேற்றிலே இரைதேடும் நெடுங்கால் பறவைகளும் ஆயிரக்கணக்காக இறங்குகின்றன. பங்குனி, சித்திரை அளவில் திரும்பிவிடுகின்றன. அவை முதலில் வந்து இறங்கிய நாள் எது? ஊர்க்குளம் நிரம்பி வழிந்த நாள் எது? மாரியின் முதற் தவளை குரலெழுப்பிய இரவு எது? இவற்றைக் குறித்து வைக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், ஒரு பென்சிலும், அதிகாலையிலே ஒரு மணிநேரத் தனிமையும் போதும்.

வீட்டார் எழுமுன் கதவை மெல்லத் திறந்து, குளக்கட்டின்மேல் ஓசையின்றி நடந்து செல்லும் பிள்ளையை எவரும் சோம்பேறி என்று ஏசாதிருத்தல் நன்று. அப்பிள்ளை இன்று எழுதும் ஒரு வரி, நூற்றைம்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் தேடும் வரியாக இருத்தல் கூடும். எவரும் தேடாவிட்டாலுங்கூட, பனிப்புகாரினூடே முதற் பறவை எழுந்து பறந்ததைக் கண்ட கண் அக்காலைப் பொழுதிலேயே தன் பயனை அடைந்துவிட்டது.